தீப்பாறைகள்: கல்லைக் கையில் எடுத்தவர்கள் கேட்கும் கேள்விகள்

பள்ளியில் தீப்பாறை பற்றி இரண்டு பத்தி படித்துவிட்டு மறந்தவர்களுக்காக இந்தப் பக்கம். இரண்டே விஷயம் பிடிபட்டால் போதும். ஒன்று, கல்லில் இருக்கும் மணிகள் எவ்வளவு பெரியவை. இன்னொன்று, அந்த மணிகள் என்னென்ன கனிமங்கள். முதலாவது, கல்லாக இறுகிய பாறைக் குழம்பு எங்கே ஆறியது என்று சொல்லும். இரண்டாவது அது எப்படிப்பட்ட குழம்பு என்று சொல்லும். மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைப்பவைதான்.

தீப்பாறை என்றால் என்ன? தீயில் வெந்த கல்லா?

தீ எரிவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பாறையே உருகிக் குழம்பாகி, அது ஆறி இறுகினால் கிடைப்பது தீப்பாறை. ஆங்கிலப் பெயர் ‘இக்னிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நெருப்பு என்று பொருள். நம் ‘அக்கினி’க்கு உறவுச் சொல். அதனால்தான் பழைய புத்தகங்களில் அக்கினிப் பாறை என்று இருக்கும்.

குழம்பு பூமிக்குள் இருக்கும்வரை மாக்மா. வெளியே வந்துவிட்டால் லாவா. பெயர் மாறுவதோடு, உள்ளே கரைந்திருந்த நீராவியும் மற்ற வாயுக்களும் வெளியே வரும்போது பெரும்பாலும் பிரிந்து போய்விடுகின்றன.

பூமிக்குள்ளே முழுக்கக் குழம்புதானே இருக்கிறது? பிறகு ஏன் எல்லா இடத்திலும் எரிமலை இல்லை?

இந்த எண்ணம் மிகப் பரவலானது, தவறானது. நம் காலடியில் இருக்கும் மேலோடும் சரி, அதற்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் மேன்டிலும் சரி, ஏறக்குறைய முழுவதும் திடப் பாறை. நல்ல சூடு உண்டு. ஆனால் மேலிருந்து அழுத்தும் பாரம் அதை உருக விடாது. உருகுவது சில இடங்களில் மட்டும், சில காரணங்களால் மட்டும்.

முதல் காரணம் அழுத்தம் குறைவது. குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூடு அப்படியே இருக்க, அழுத்தத்தை மட்டும் சட்டென்று விட்டால் பொங்கிவிடும். மேன்டில் பாறை மெல்ல மேலே எழும்போதும் அதுதான் நடக்கிறது. புதிதாகச் சூடேற்றத் தேவையில்லை, பாரம் குறைந்தால் போதும், உருக ஆரம்பிக்கும். கடலுக்கு நடுவில், பூமியின் மேல்பகுதியான பெரிய பாறைத் தட்டுகள் விலகும் இடங்களிலும் ஐஸ்லாந்திலும் ஹவாயிலும் இதுதான் நடக்கிறது.

இரண்டாவது காரணம் தண்ணீர். குல்ஃபி விற்பவர் ஐஸோடு உப்பைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கலந்தால் ஐஸ் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே உருகும். பாறைக்குத் தண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது. கடல்தட்டு ஒன்று இன்னொரு தட்டின் அடியில் புகும்போது, தன் கனிமங்களுக்குள் இருக்கும் நீரையும் கொண்டு போகிறது. ஆழத்தில் அது வெளியேறி மேலே உள்ள மேன்டிலில் கலந்ததும் உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடுகிறது. ஜப்பான், இந்தோனேசியா, ஆண்டிஸ் மலைத்தொடர் எரிமலைகளுக்கு இதுதான் மூலம்.

மூன்றாவது, நேரடியான சூடு. கீழிருந்து வந்த சுடுகுழம்பு கண்டத்து மேலோட்டின் அடியில் தேங்கி நின்றால், பக்கத்துப் பாறையையும் உருக்கிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: பாறை முழுவதும் உருகுவதில்லை. எளிதில் உருகும் பகுதி மட்டும் பிரிந்து வருகிறது. பெரிடோடைட் என்ற மேன்டில் பாறையில் கொஞ்சம் மட்டும் உருகினால் கிடைப்பது பசால்ட் குழம்பு. தாய்ப் பாறை ஒன்று, பிறக்கும் பாறை வேறு.

ஒரு கல்லில் மணிகள் பெரிதாகவும் இன்னொன்றில் கண்ணுக்கே தெரியாமலும் இருப்பது ஏன்?

ஆறும் வேகம். பனங்கற்கண்டு செய்பவர்களுக்கு இது புதிதல்ல. பாகைப் பானையில் ஊற்றி, நூல் கட்டி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால்தான் பெரிய பெரிய கட்டியாகப் படியும். அவசரமாக ஆறவிட்டால் பொடிப்பொடியாகும். சர்க்கரைப் பாகை இன்னும் வேகமாகக் குளிர வைத்தால் படிகமே வராமல் கண்ணாடி மிட்டாய் போல இறுகிவிடும்.

பாறையிலும் இந்த மூன்றும் உண்டு. பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல ஆறினால் கிரானைட் போலக் கண்ணுக்குத் தெரியும் மணிகள். மேற்பரப்பில் சீக்கிரம் ஆறினால் பசால்ட் போல நுண்மணிகள். கெட்டியான குழம்பு சட்டென்று குளிர்ந்தால் ஆப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி.

இதை உலையில் வைத்தே காட்டியவர் எடின்பரோவைச் சேர்ந்த சர் ஜேம்ஸ் ஹால். 1798-இல் அவர் பசால்ட் வகைக் கல்லை உருக்கி ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் ஆறவிட்டார். வேகமாக ஆறியது கண்ணாடியானது. மெதுவாக ஆறியது மறுபடி கல்லானது. அவருடைய நண்பரான நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், கிரானைட் உருகிய நிலையிலிருந்து வந்தது என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார். 1785-இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், செந்நிறக் கிரானைட் நரம்புகள் பழைய பாறைக்குள் குத்திப் பாய்ந்து இறுகியிருப்பதை அவர் கண்டார். அந்தக் காலத்தில் ஜெர்மனியின் நிலவியல் ஆசிரியர் வெர்னரும் அவர் மாணவர்களும் இந்தப் பாறைகள் ஆதிக் கடலில் படிந்தவை என்று கற்பித்து வந்தார்கள். அந்த நரம்புகளுக்கு அவர்களிடம் நல்ல பதில் இல்லை.

பெரிய மணி, சிறிய மணி இரண்டும் ஒரே கல்லில் இருக்கிறதே?

குழம்பு இரண்டு கட்டமாக ஆறியிருக்கிறது. ஆழத்தில் நின்றபோது சில படிகங்கள் நிதானமாக வளர்ந்தன. பிறகு குழம்பு மேலே வந்து, மிச்சம் வேகமாக இறுகிவிட்டது. இதைப் போர்ஃபிரி அமைப்பு என்பார்கள்.

மிகப் பெரிய படிகங்கள் வருவது பெக்மடைட்டில். குழம்பின் கடைசி மிச்சத்தில் நீர் அதிகம் இருக்கும். அணுக்கள் எளிதாக நகர்ந்து சேரும். அதனால் சாண் கணக்கில்கூடப் படிகம் வளரும். நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்கா பெரிய தகடுகளாகக் கிடைப்பது இப்படித்தான். ஆந்திராவின் நெல்லூர் மைக்கா சுரங்கங்கள் எல்லாம் பெக்மடைட்டில் தோண்டியவை.

குழம்பு ஆற எவ்வளவு காலம் ஆகும்?

ஹவாயில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 1959 நவம்பர், டிசம்பரில் கிலாவேயா இக்கி என்ற பள்ளம் லாவாவால் நிரம்பி, 100 மீட்டருக்கும் மேல் ஆழமான ஏரியானது. மேலே சீக்கிரமே ஓடு கட்டிவிட்டது. விஞ்ஞானிகள் அந்த ஓட்டின் மேல் நடந்துபோய், பல ஆண்டுகள் துளை போட்டு மாதிரி எடுத்தார்கள். உள்ளே முழுவதும் இறுகி முடிய ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆனது. ஓர் ஏரிக்கே இவ்வளவு என்றால், பூமிக்கடியில் மலைத்தொடர் அளவுக்குத் தேங்கிய குழம்புக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆவதில் வியப்பில்லை.

ஒரே குழம்பிலிருந்து பலவகைக் கல் எப்படி வருகிறது?

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். தூத்துக்குடிப் பக்கம் உப்பளம் பார்த்திருந்தால் பாதி புரிந்த மாதிரி. கடல்நீர் வற்ற வற்ற எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் ஜிப்சம் போன்றவை, அப்புறம் உப்பு, கடைசியில் மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் மிஞ்சும். ஒவ்வொன்று படியும்போதும் மிச்சமிருக்கும் நீரின் குணம் மாறுகிறது.

மாக்மாவும் அப்படியே. நார்மன் போவன் என்ற ஆய்வாளர் வாஷிங்டனில் கார்னெகி நிறுவனத்தின் ஆய்வகத்தில் செயற்கைக் குழம்புகளை உருக்கி, உறையவைத்து, எது முதலில் படிகமாகிறது என்று வரிசைப்படுத்தினார். 1922-இல் அந்த வரிசையை வெளியிட்டார். இரும்பும் மெக்னீசியமும் நிறைந்த ஆலிவின் முதலில். பிறகு பைராக்சீன், ஆம்பிபோல், கருப்பு மைக்கா. இன்னொரு பக்கம் ஃபெல்ஸ்பார், முதலில் கால்சியம் மிகுந்ததாகவும் போகப்போகச் சோடியம் மிகுந்ததாகவும் படியும். கடைசியில் பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும். குவார்ட்ஸ் என்பது நாம் வெங்கச்சங்கல் என்று பொறுக்கி விளையாடிய அதே வெள்ளைக் கல்தான்.

முதலில் உருவான கனமான படிகங்கள் அடியில் படிந்துவிட்டால், மேலே மிஞ்சும் குழம்பில் சிலிக்கா, அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருளின் விகிதம் ஏறும். மேலே சொன்ன ஹவாய் ஏரியிலேயே ஆலிவின் படிகங்கள் அடியில் போய்ச் சேர்ந்தன. மெக்ஸிகோவில் 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு சோள வயலில் பாரிகுட்டின் எரிமலை பிறந்து, 1952 வரை கக்கியது. தொடக்கத்தில் வந்த லாவாவில் சிலிக்கா சுமார் 55 சதவீதம். கடைசியில் சுமார் 60. ஒரே மலை, 9 ஆண்டுகள், கண்ணெதிரே மாறிய குழம்பு. அங்கே படிகம் பிரிந்தது மட்டும் காரணமில்லை. சுற்றியிருந்த பாறையும் உருகிக் கலந்தது.

சரி, வகைப்பாடு எப்படி?

தொடக்கத்தில் சொன்ன இரண்டு விஷயங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். சிலிக்கா 63 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வெளிர்நிறப் பாறை: ஆழத்தில் ஆறினால் கிரானைட், வெளியே ஆறினால் ரயோலைட். 52 முதல் 63 வரை நடுத்தரம்: ஆழத்தில் டயோரைட், வெளியே ஆண்டிசைட். 45 முதல் 52 வரை கருநிறப் பாறை: ஆழத்தில் கேப்ரோ, வெளியே பசால்ட். 45-க்கும் கீழே போனால் ஆழத்தில் பெரிடோடைட். வெளியே கொமாட்டையிட், அது பெரும்பாலும் பூமி இன்னும் சூடாக இருந்த ஆதிகாலத்தில் மட்டும் வழிந்தது. எல்லை எண்கள் நூலுக்கு நூல் சற்று மாறும். 63-க்குப் பதில் 66 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

கிரானைட்டும் ரயோலைட்டும் பார்க்கச் சம்பந்தமே இல்லாத கற்கள். ஆனால் வேதியியலில் ஒரே குழம்பு, ஆறிய இடம்தான் வேறு.

இடைப்பட்ட ஆழத்தில், பழைய பாறையின் விரிசலில் புகுந்து சுவர் போல ஆறினால் அது டைக். பசால்ட் குழம்பு அப்படி ஆறினால் நடுத்தர மணியுள்ள டோலரைட் கிடைக்கும்.

புத்தகத்தில் ‘அமிலப் பாறை’, ‘காரப் பாறை’ என்று இருக்கிறதே? எலுமிச்சைச் சாறு மாதிரி அமிலமா?

இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் சிலிக்காவை ஒருவகை அமிலத்தின் எச்சம் என்று நினைத்தார்கள். சிலிக்கா மிகுந்த கல்லுக்கு அமிலப் பாறை என்று பெயர் வந்தது. அந்தக் கருத்து போய்விட்டது, பெயர் மட்டும் நம் பாடநூல்களில் இருக்கிறது. சிலிக்கா மிகுந்தது, குறைந்தது என்று எழுதினாலே மாணவர்களுக்குத் தெளிவாக இருக்கும் என்பது என் கருத்து.

நிலவியலாளர்கள் கல்லுக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தானா?

அவர்கள் இன்னும் நுணுக்கமாக எண்ணுவார்கள். சுவிஸ் நாட்டு ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் தலைமையில் உருவாகி, சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட ‘கியூ ஏ பி எஃப்’ படம் ஒன்று உண்டு. குவார்ட்ஸ், ஆல்கலி (பொட்டாசியம், சோடியம் மிகுந்த) ஃபெல்ஸ்பார், பிளாஜியோகிளேஸ் (கால்சியம், சோடியம் உள்ள) ஃபெல்ஸ்பார், நெஃபலின் போன்ற சிலிக்கா குறைந்த கனிமங்கள் ஆகிய நான்கின் விகிதத்தை வைத்து அதில் புள்ளி வைப்பார்கள். கிரானைட் என்று பெயர் பெற, வெளிர்நிறக் கனிமங்களில் குவார்ட்ஸ் 20 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். எரிமலைக் கல்லில் மணி தெரியாதபோது வேதியியல் பகுப்பாய்வுதான் வழி.

அந்தப் படம் இரண்டு முக்கோணங்களை ஒட்டவைத்தது போல இருக்கும். குவார்ட்ஸ் ஒரு முனை, நெஃபலின் எதிர்முனை. காரணம் எளிது. குழம்பில் சிலிக்கா மிஞ்சியிருந்தால் நெஃபலின் அதை எடுத்துக்கொண்டு ஃபெல்ஸ்பாராகிவிடும். இரண்டும் ஒரே குழம்பில் சேர்ந்து படியாது. காங்கேயம் பக்கத்தில் இருக்கும் சிவன்மலை இந்த எதிர்முனைக்குச் சரியான உதாரணம். அங்கே இருப்பது நெஃபலின் சையனைட் என்ற தீப்பாறை. முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் படியேறும்போது பக்கத்துப் பாறையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உலகில் அரிதான கல் அது.

எங்கள் சமையலறை மேடை கருப்புக் கிரானைட். அது தீப்பாறைதானே?

தீப்பாறையாக இருக்க வாய்ப்பு அதிகம். கிரானைட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கல் வியாபாரத்தில் கடினமாக இருந்து மெருகேறும் கல் எல்லாமே கிரானைட். கருப்பு நிறத்தில் வருவது பெரும்பாலும் டோலரைட் அல்லது கேப்ரோ, அதாவது சிலிக்கா குறைந்த வகை. அலையலையாகக் கோடு ஓடும் கல், நைஸ் என்ற உருமாறிய பாறையாக இருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் வழக்கு வேறு. சிற்பிகளுக்கும் தனி வகைப்பாடு உண்டு. தட்டினால் வரும் ஓசையை வைத்து ஆண்கல், பெண்கல் என்று பிரிப்பார்கள். அவரவர் தேவைக்கு அவரவர் பெயர்.

பல்லாவரத்துக் கல்லுக்கு உலகப் பெயர் இருக்கிறதாமே?

சார்னகைட். கொல்கத்தாவின் தொடக்ககால வரலாற்றோடு பேசப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் உள்ளது. அதன் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-இல் சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். கல் போனதோ சென்னைப் பக்கத்திலிருந்து. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் இருப்பது அதே வகை. உடைத்தால் எண்ணெய் தடவியது போன்ற நீலப் பச்சை மினுமினுப்புத் தெரியும். ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் இதன் அடையாளம்.

ஹாலண்ட் இதைத் தீப்பாறை என்றே எடுத்துக்கொண்டார். பிறகு நூறாண்டுக்கும் மேலாக விவாதம். மேலோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை இவற்றில் பல என்பது இன்றைய பார்வை; நேரடியாகக் குழம்பிலிருந்து வந்த சார்னகைட்டும் உலகில் உண்டு. தீப்பாறை, உருமாறிய பாறை என்ற வேலி இயற்கையில் அவ்வளவு உறுதியானதல்ல என்று எனக்குப் புரியவைத்த கல் இது.

உடுப்பி பக்கம் தூண் தூணாக நிற்கும் பாறைகள் மனிதர் செதுக்கியவையா?

மால்பே கடற்கரைக்கு எதிரே உள்ள செயின்ட் மேரி தீவுகளைக் கேட்கிறீர்கள். முழுக்க இயற்கை. லாவா ஆறும்போது சுருங்குகிறது. வறண்ட கண்மாய்ச் சேறு வெடிப்பது போல மேற்பரப்பில் வெடிப்பு விழுந்து, குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் கீழே இறங்கித் தூண்களாகப் பிரிகிறது. பெரும்பாலும் ஐந்து, ஆறு பக்கங்கள்.

பசால்ட் தூண்கள் என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அவை சிலிக்கா மிகுந்த ரயோலைட், டேசைட் வகை. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தில், 8 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வழிந்தவை. தூண் வடிவம் ஆறிய விதத்தைத்தான் சொல்லும், கல்லின் வகையைச் சொல்லாது. நிஜமான பசால்ட் தூண் வேண்டுமென்றால் மும்பை அந்தேரியில் கில்பர்ட் ஹில் இருக்கிறது.

கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்ததா?

மகாராஷ்டிரக் கரிசலுக்கு ஆம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அடுக்கடுக்காகப் பசால்ட் வழிந்து, இன்று மிஞ்சியிருப்பது மட்டுமே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். அஜந்தா குகைகளும் எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் அதில் குடைந்தவையே. ஆனால் அந்தக் குழம்பு தமிழ்நாடு வரை வரவில்லை. கோவில்பட்டிக் கரிசலுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் வகைப் பாறை. கரிய மண்ணெல்லாம் எரிமலை மண் அல்ல.

நாமக்கல்லில் நிலாக் கல் கிடைக்கிறது என்பது உண்மையா?

நிலாவிலிருந்து விழுந்ததில்லை, ஆனால் அதே வகைக் கல் உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருப்பது அனார்த்தோசைட். ஏறக்குறைய முழுவதும் கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பிற்பாடு உருமாற்றமும் கண்டிருக்கிறது.

நிலா பிறந்த புதிதில் அதன் மேல்பகுதி குழம்புக் கடலாக இருந்தது. ஆலிவினும் பைராக்சீனும் மூழ்க, இலேசான பிளாஜியோகிளேஸ் மேலே மிதந்து சேர்ந்து ஓடானது. நாம் பார்க்கும் நிலாவின் வெளிர்ப் பகுதி அதுதான். இருண்ட திட்டுகள் பின்னர் வழிந்த பசால்ட். சந்திரயான்-2-க்காக நிலா மண் போன்ற மண்ணைத் தயாரிக்க இஸ்ரோ, சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிக் கல்லை எடுத்துப் பொடித்துப் பயன்படுத்தியது. அந்த மண்ணில்தான் லேண்டரையும் ரோவரையும் சோதித்தார்கள்.

மிதக்கும் கல் உண்டா?

உண்டு. பியூமிஸ். குதிகால் தேய்க்கக் கடையில் விற்கும் நுரைக்கல்லில் ஒருவகை. சிலிக்கா மிகுந்த குழம்பு களி போலப் பிசுபிசுப்பாக இருக்கும். வாயு சுலபமாக வெளியேறாது. அழுத்தம் விட்டதும் நுரைத்து, அப்படியே உறைந்துவிடும். 2021 ஆகஸ்டில் ஜப்பானுக்குத் தெற்கே ஃபுகுடோகு ஒகனோபா என்ற கடலடி எரிமலை வெடித்தபோது கிளம்பிய நுரைக்கற்கள் மிதந்து போய், அக்டோபரில் ஒகினாவா துறைமுகங்களை அடைத்துக்கொண்டன.

சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்போ நன்றாக ஓடும், வாயு எளிதில் வெளியேறும். அதனால்தான் ஹவாயில் லாவா பெரும்பாலும் அமைதியாக வழிகிறது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ பேரளவில் வெடித்தது. அங்கே வந்தது சிலிக்கா மிகுந்த டேசைட்.

என் கையில் ஒரு கல் இருக்கிறது. நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் புதிதாக உடைந்த முகம் வேண்டும். வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் ஏமாற்றும். நனைத்துப் பாருங்கள், நிறம் தெளியும். 10 மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் நல்லது.

வரிவரியாகப் பட்டை ஓடினால் நைஸாக இருக்கலாம்; அது உருமாறிய பாறை. உருண்ட மணல்மணிகள் ஒட்டியது போலிருந்தால் படிவுப் பாறை. ஒரு சொட்டு வினிகர் விட்டுக் குமிழ் வந்தால் சுண்ணாம்புக்கல்லைச் சந்தேகப்படுங்கள். பட்டை இல்லாமல், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி, மணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இருந்தால் தீப்பாறை என்று தொடங்கலாம்.

அப்புறம் மணிகளைப் பிரித்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டு போல ஒழுங்கில்லாமல் உடைந்து பளபளப்பது குவார்ட்ஸ். தட்டையான முகம் காட்டி, வெயிலில் திருப்பும்போது சட்டென்று மின்னுவது ஃபெல்ஸ்பார். இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். நகத்தால் ஏடு ஏடாக உரிந்தால் மைக்கா. மணியே தெரியாமல், கருப்பாக, கனமாக, காந்தம் லேசாக ஒட்டினால் பசால்ட் அல்லது நுண்மணி டோலரைட். கடைசியாக, கல்லை எடுத்த இடத்தை ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். ஜல்லிக் குவியலிலிருந்து எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் அந்தக் கல் வேறெங்கோ ஒரு குவாரியிலிருந்து லாரியில் வந்தது.